கலத்துக்கு நல்ல எண்ணெய்

ஜெனிப் பிள்ளைக்கும், உன் கலியாணத்துக்கு வந்து என் பேச்சைக் கேட்டுக் கைதட்டிய அத்தனை பேருக்கும்,

இதெல்லாம் நடக்கும் என்று முதலே சொன்னவன் நான். நீ புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ் பண்ணுவாய் என்றேன், பண்ணினாய். கலியாணத்தன்று மழை பெய்யும் என்றேன், கோயில் வாசலில் உன் சீலைக்கரை நனைந்தது. உன் மாப்பிள்ளை அன்ரன் தம்பி உன்னைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போவான், இரண்டு வருடத்துக்குள் நல்ல செய்தி வரும் என்றேன், அதுவும் வந்தது. துறைமுகத்தடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார். நான் சொல்லி நடக்காத காரியம் ஒன்றைக் காட்டச் சொன்னால் தலையைச் சொறிவார்கள். ஆனால் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அந்த நல்ல செய்தி வந்த பிறகு இப்படிப் பயந்துபோய் இருப்பேன் என்பது எனக்கே தெரியாது. எழுத்து கோணலாக இருந்தால் மாமாவுக்கு வயது போய்விட்டது என்று நினைக்காதே. இது பயம்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் குசினி அலுமாரியில் இருக்கிற அந்த எண்ணெய்ப் போத்தலை மூடு. இனி ஒரு கரண்டிகூடக் குடிக்காதே. போத்தலை ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய் உன் டொக்டரிடம் காட்டு. இதற்குக் கீழே நான் எவ்வளவு கதை அளந்திருந்தாலும் இந்த வரிகளில் அளப்பு இல்லை. போத்தலை மூடிவிட்டு வந்து மீதியைப் படி.

இதை ஏன் உனக்கு மட்டும் சொல்லாமல் ஊருக்கே எழுதுகிறேன் என்று கேட்பாய். கலியாண ஹோல் நிறைந்த சனத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்துச் சொன்ன கதையைத் திருத்துவதென்றால் அதே சனத்துக்கு முன்னால்தான் திருத்தவேண்டும். உன் கலியாணத்துக்கென்று தொடங்கிய வாட்ஸ்அப் குழு இன்னும் உயிரோடு இருக்கிறது, பிறந்தநாள் வாழ்த்தும் பூவும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தாள்களைப் படம் பிடித்து அதில் போடச் சொல்லியிருக்கிறேன். தொலைபேசியில் சொல்ல எனக்கு ஏலாது. என் வாய் உனக்குத் தெரியும். நண்டு பிடித்த கதையைத் தொடங்கினால் வசனம் முடிவதற்குள் அது சுறாவாகிவிடும். பேனை மெல்லப் போகிற சாமான். அதோடு போனால் எங்கேயாவது உண்மையில் தட்டுப்படுவேன் என்று நம்புகிறேன்.

தொடங்கியது ஒரு சொல்லில்தான். உன் கலியாணத்துக்கு ஒரு மாதம் முந்தி, ஹனீபா காக்காவின் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப்போட்டுச் சுறா எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். குறிஞ்சாக்கேணி ஹனீபா காக்காவை உனக்குத் தெரியும், சின்னனில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். இப்போது முக்கால்வாசி வள்ளங்கள் ஃபைபர்தான், எனக்கு வேலையும் அதில் ஒட்டுப்போடுவதுதான். காக்கா மட்டும் தன் பலகை வள்ளத்தை விடமாட்டார். அவருடைய மகள் நஸ்ரின் வாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கம்பஸ் படிப்பை முடித்துவிட்டுக் கண்டிப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் இருக்கிறவள் அவள். மீனில் உள்ள கொழுப்பைப் பற்றித்தான் அங்கே ஆராய்ச்சியாம்.

“மூக்கைப் பொத்த வைக்கிற மணம்தான் மாமா. ஆனா மீன் கொழுப்பு கலத்துக்கு நல்லம்” என்றாள். “கலத்துட சுவரே கொழுப்பாலதான் ஆனது. நல்ல கொழுப்புப் போனா சுவர் இளக்கமா இரிக்கும். கலம் வளர்றதுக்கும் சாகிறதுக்கும் அதுல பங்கு இரிக்கி. அதைத்தான் நாங்க பாக்கிறம்.”

நான் வள்ளத்தின் அடியில் ஓங்கித் தட்டினேன். “இதை அறியக் கம்பசுக்குப் போகோணுமோ பிள்ளை? என்ர அப்பு காலத்திலயிருந்து கலத்துக்கு இதைத்தானே பூசுறம்!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பகிடி விட்டதாக அவள் நினைத்தாள், நான் சொன்னதை அவள் ஒத்துக்கொண்டதாக நான் நினைத்தேன். இரண்டு பேரும் மெத்தச் சந்தோஷமாகப் பிரிந்தோம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கலம் என்றால் எனக்கு மரக்கலம்தான், கடலில் போகிற சாமான். உடம்புக்குள்ளும் கலம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கலங்கள் சேர்ந்ததுதான் மனிசன் என்கிற பாடம் நான் விட்டு வந்த பிறகுதான் வந்ததாம்.

இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உன் கலியாண ஹோலில் மைக்கைப் பறித்தேன். “பல்கலைக்கழகமே ஒத்துக்கொண்டிட்டுது! சுறா எண்ணெய் கலத்தைக் காக்குமாம்! இந்தப் பிள்ளையின்ர அம்மா, என்ர தங்கச்சி பிலோமினா, இவளை வயித்தில வைச்சுக்கொண்டு பத்து மாசமும் காலமை ஒரு கரண்டி குடிச்சவ! அந்த எண்ணெய்தான் இந்த மூளை!” சனம் கைதட்டியது. நீ மாலையோடு கதிரையில் இருந்து அழுதாய். நஸ்ரின் அன்றைக்கு ஆய்வுகூடத்தில் வேலை என்று வரவில்லை. வந்திருந்தால் அந்த இடத்திலேயே எழும்பி என்னைத் திருத்தியிருப்பாள், இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

பிறகு இந்த வருடம் ரொறன்ரோவிலிருந்து உன் தொலைபேசிக் கோல் வந்தது. அழுகையும் சிரிப்பும் கலந்து நல்ல செய்தியைச் சொன்னாய். அடுத்த மூச்சிலேயே, “மாமா, அம்மா குடிச்ச எண்ணெய் எனக்கும் வேணும்” என்றாய். எனக்குத் தலை கால் தெரியவில்லை. புல்மோட்டையிலிருந்து சுறா ஈரல் எடுப்பித்தேன். தகர ரின்னில் போட்டு வெயிலில் வைத்து உருக்கி, துணியில் வடித்து, ஊறுகாய்ப் போத்தலில் ஊற்றினேன். விமான நிலையத்தில் தடுக்கக்கூடாது என்று மேலே ‘தேன்’ என்று எழுதினேன். அன்ரனின் மச்சான் பயணம் போனபோது கொடுத்துவிட்டேன். அத்தோடு நிற்கவில்லை. “டொக்டர்மாருக்குச் சொல்லாதை பிள்ளை, அவையளுக்குக் குளிசையை விட்டால் வேறொண்டும் தெரியாது” என்று புத்தியும் சொன்னேன். என் சீவியத்தில் நான் சொன்ன புத்திகளில் இதைப்போல மோசமானது வேறில்லை.

இந்தமுறை பெருநாளுக்கு ஹனீபா காக்கா வீட்டுக்குப் போனேன். வட்டிலப்பம் வைத்தார்கள். நஸ்ரினும் லீவில் வந்திருந்தாள். நான் கதிரையில் சாய்ந்துகொண்டு, கனடாவுக்கே மருந்து அனுப்பின கதையை எடுத்துவிட்டேன்.

காக்கா சிரித்தார். “ஓய், அது என்ட வள்ளத்துக்குப் பூசின மிச்சமா?”

“மிச்சமில்லைக் காக்கா, புது ஈரல். ரின்தான் பழசு. நல்லாக் கழுவினனான்.”

நஸ்ரின் சிரிக்கவில்லை. “ஜெனிக்கு இப்ப எத்தின மாசம் மாமா?”

“ரெண்டு மாசமும் பத்து நாளும்.”

“எத்தின நாளாக் குடிக்கிறா?”

“ஒன்பது நாள்.”

அவள் கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

பிறகு தன் உள்ளங்கையை என் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள், விரல்களை ஒட்டிவைத்து. “புள்ளைட கை முதல்ல துடுப்பு மாதிரித்தான் வரும் மாமா. தட்டையா. விரல் ஒவ்வொண்டா முளைச்சு வாறதில்ல. விரலுக்கு இடையில இரிக்கிற கலம் எல்லாம் நேரத்துக்குச் செத்து வழி விடும். அது செத்தாத்தான் விரல் பிரியும்.” ஒட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். “ஜெனிட வயித்தில இதெல்லாம் நடக்கிறது இந்தக் கிழமையள்ளதான்.”

கலம் என்று அவள் சொன்னது எந்தக் கலம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்றாலும் விளங்காதவன் மாதிரிக் கேட்டேன். “ஆர் அதைச் சாகச் சொல்லுறது?”

“அதுக்கு உள்ளுக்குள்ளயே கட்டளை இரிக்கி. எந்தக் கலம் நிக்கோணும், எந்தக் கலம் போகோணும் எண்டு. அந்தக் கட்டளையில விற்றமின் ஏக்கும் பங்கு. சுறா ஈரல்ல அது குவிஞ்சு கிடக்கும். அளவுக்கு மிஞ்சிப் போனா, போக வேண்டியது போகாம நிக்கும், நிக்க வேண்டியது செத்துப்போகும். கை மட்டுமில்ல மாமா, முகம், இருதயம், எல்லாம் இந்த நேரத்திலதான் உருவாகுது. வெயில்ல வச்சா உருக்கினீங்க? காறின மணம் வந்ததா?”

“சாடையா.”

“அப்ப அந்தக் கொழுப்பும் கெட்டுப்போச்சு. நல்ல மீன் கொழுப்பு உள்ளுக்குப் போனா அதுதான் புள்ளைட மூளைக்கும் கண்ணுக்கும் கலச்சுவரைக் கட்டும். அதே கொழுப்பு காறிப்போனா கலத்தைக் கெடுக்கும், சாகடிக்கவும் செய்யும். மாசமா இரிக்கிறவக்கு ஈரல் எண்ணெய் வேணவே வேணாம். சூடை மீனோ கீரி மீனோ வாங்கி ஆக்கித் திண்டாக் காணும். சின்ன மீன்தான் நல்லம்.”

சூடை என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அது ஏனென்று பிறகு சொல்கிறேன். அப்போது நான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வருடமாக உளி பிடித்த கை, எண்ணெய் ஊறிய கை. இந்த விரல்களுக்கு இடையில் எத்தனை பேர் பேசாமல் செத்து வழி விட்டிருக்கிறார்கள்! எனக்கு அது ஒரு நாளும் தெரியாது. சாவு என்றால் பறித்துக்கொண்டு போவது என்றுதான் நினைத்திருந்தேன். உன் அம்மாவை அப்படித்தான் காய்ச்சல் கொண்டுபோயிற்று, உனக்கு அப்போது மூன்று வயது. உன் அப்பாவை அதற்கு முதலே கடல் கொண்டுபோயிற்று. பிள்ளை உருவாவதற்கும் உள்ளுக்குள்ளே சாவு வேண்டும், அதுவும் சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்தில், சொன்ன அளவில் வரவேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை கையைப் பிரித்துக் காட்டித்தான் அறிந்தேன். அவ்வளவு கணக்காக நடக்கிற காரியத்துக்குள் நான் ஒரு ஊறுகாய்ப் போத்தலை அனுப்பியிருக்கிறேன். மேலே தேன் என்று எழுதி.

“இப்ப என்ன செய்யிறது பிள்ளை?”

“உடன நிப்பாட்டச் சொல்லுங்க. டொக்டருக்கு இண்டைக்கே சொல்லச் சொல்லுங்க, போத்தலையும் காட்டச் சொல்லுங்க. ஒன்பது நாள்தான். ஒண்டுமில்லாமப் போகவும் கூடும். அதை நானும் சொல்ல ஏலா, நீங்களும் சொல்ல ஏலா. அவங்கதான் பாத்துச் சொல்லணும்.”

அன்றிலிருந்து துடுப்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். யோசித்துப்பார், நான் வேலை செய்கிற இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் துடுப்பு. சுவரில் சாய்த்த துடுப்பு, மணலில் குத்திய துடுப்பு, வள்ளத்துக்குள் கிடக்கிற துடுப்பு. நேற்று ஒன்றைக் கையில் எடுத்தேன். அதன் அலகு எவ்வளவு தட்டையாக இருக்கிறது! ஒரு பிரிவு இல்லை. வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோயிலில் மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றால், அந்தக் கையில் இருக்கிற குழந்தையின் விரல்களை எண்ணுகிறேன். செபம் வாயில் வரவில்லை.

நான் பெருநாள் வீட்டிலிருந்து வந்த கையோடு உனக்குக் கோல் எடுத்தது உனக்கு நினைவிருக்கும். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் விடவில்லை.

“பிள்ளை, அந்த எண்ணெயை நிப்பாட்டு. அது பிழையான சுறா. புல்மோட்டைக்காரன் மாறி அனுப்பிப்போட்டான்.”

“சுறாவில பிழையான சுறா, சரியான சுறா எண்டு இருக்கா மாமா?”

“இருக்கு. இது கொம்பன் சுறா. அதின்ர ஈரல் ஆம்பிளையளுக்குத்தான் ஒத்துக்கொள்ளும்.”

“அன்ரன், இஞ்ச வாங்கோ! மாமா தொடங்கிட்டார்!” என்று நீ சிரித்தாய். இருபத்தெட்டு வருடம் உன்னைச் சிரிக்கப் பழக்கியது நான்தான். யாரை நோவது?

அடுத்த நாள் இரண்டாம் தரம் எடுத்தேன். இந்தமுறை சிரிக்க முடியாத கதையாகச் சொல்லவேண்டும் என்று, “உன்ர அம்மா கனவில வந்து, பிள்ளையைக் குடிக்க வேண்டாமெண்டு சொல்லு எண்டவ” என்றேன்.

“அம்மா என்ர கனவில ஒரு நாளும் வந்ததில்லை மாமா” என்றாய். “உங்களிட்ட மட்டும் வாறா. எனக்கு அவவின்ர முகம்கூட ஞாபகம் இல்லை. காலமை அந்தக் கரண்டியை வாயில வைக்கேக்க எனக்குக் குமட்டிச் சத்தி வருது. பிறகு நினைப்பன், அம்மாவும் இப்பிடித்தானே மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்காகக் குடிச்சிருப்பா எண்டு. அப்ப இறங்கிடும். அம்மாட்ட இருந்து எனக்கு வந்தது அது ஒண்டுதான் மாமா. அதை நிப்பாட்டச் சொல்லாதேங்கோ.”

நான் போனை வைத்துவிட்டேன். வெட்கத்தை விட்டு நஸ்ரினிடம் போய், “நீ அவளோட கதை” என்று கேட்டேன். அவள் என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தாள். எனக்குச் சொன்ன மாதிரியே உனக்கும் எல்லாவற்றையும் பக்குவமாகச் சொன்னாள். நீயும் மரியாதையாகத்தான் பதில் சொன்னாய்.

“நீங்கள் படிச்சனீங்கள் நஸ்ரின். உங்களோட வாதாட எனக்குத் தெரியாது. ஆனா என்ர அம்மா பத்து மாசமும் குடிச்சவ. நான் நல்லாத்தானே பிறந்தனான்? எனக்குப் பத்து விரலும் இருக்கு.”

நஸ்ரின் போனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாமா, ஜெனிட உம்மா உண்மையிலயே அதைக் குடிச்சாவா?”

“ஓம்.”

“பத்து மாசமும்?”

“ஓம்.”

“நீங்க கண்ணால கண்டீங்களா?”

“ஓம்.”

மூன்று தரம் கேட்டாள், மூன்று தரமும் சொன்னேன். பெரிய வெள்ளியில், சேவல் கூவுமுன் இராயப்பர் ஆண்டவரைத் தெரியாதென்று மூன்று தரம் மறுத்த வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம், அவர் எப்படி அப்படிச் சொல்லப்போனார், நான் என்றால் சொல்லியிருக்க மாட்டேன் என்று பக்கத்தில் இருப்பவனிடம் அளந்தவன் நான். எனக்குச் சேவல் கூவவில்லை. வெளியே மீன் வாடியில் யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம்தான் கேட்டது.

“அப்ப என்ட படிப்பால ஒண்டும் செய்ய ஏலா மாமா” என்றாள் நஸ்ரின். “அவக்கிட்ட நான் சொல்லுறதை விடப் பெரிய அத்தாட்சி இரிக்கி. அவதான் அந்த அத்தாட்சி.”

அது முந்தாநாள். எனக்கு எண்ணத் தெரியும். நீ சொன்னபடி குடித்துக்கொண்டிருந்தால் நேற்று விடிய ஒரு கரண்டி, இன்று விடிய ஒரு கரண்டி. நான் இந்தக் கடிதத்தை எத்தனை தாள் இழுக்கிறேனோ அவ்வளவுக்கு நேரம் போகிறது. இனியும் சுற்ற ஏலாது. இந்த இடத்தில்தான் உனக்கு ஒரு புத்தி சொல்லவேண்டும், நான் கடைப்பிடிக்காததால் அதன் விலை எனக்குத் தெரியும். உன் பிள்ளைக்குக் கதை சொல்லு, நிறையச் சொல்லு. நண்டைச் சுறாவாக்கு, குளத்தைக் கடலாக்கு. ஆனால் வாய்க்குள் போகிற சாமானைப் பற்றிக் கதை கட்டாதே. வாயால் சொன்ன கதை காற்றோடு போகும். கரண்டியில் ஊற்றிய கதை உடம்புக்குள் போய்ச் சுவராக நின்றுவிடும்.

நீ இரண்டாம் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்த நாள். பரிசளிப்புக்கு நேரம் போய்விட்டது என்று, வேலையை அப்படியே விட்டுவிட்டு எண்ணெய் ரின்னோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தேன். வந்து இருந்ததும் பக்கத்துக் கதிரைக்காரர் எழும்பி வேறு கதிரைக்குப் போனார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் போனார். மேடையில் உனக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை என்னைக் காட்டி மூக்கைப் பொத்தினாள். நீ தலையைக் குனிந்தாய். நான் அதைக் கண்டேன். நீ ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்க, “தாயில்லாப் பிள்ளை, இவ்வளவு கெட்டிக்காரி. என்ன குடுத்து வளக்கிறீர்?” என்று கேட்டார்.

என் கையில் ரின் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினேன். “இதுதான் சிஸ்டர். சுறா எண்ணெய். இவளின்ர தாய் வயித்தில வைச்சுக்கொண்டு குடிச்சது.” மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூக்கைப் பொத்தின பிள்ளை கையை எடுத்துவிட்டு, “மணந்து பாக்கலாமா அங்கிள்?” என்று கேட்டாள். நீ தலையை நிமிர்த்தினாய். உன் கண்ணில் அன்றைக்கு ஏறிய வெளிச்சத்தை நான் எங்கே போய்ச் சொல்ல? வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்த ரின்னை நீதான் தூக்கிக்கொண்டு வந்தாய். அந்த நாற்றம் அன்றைக்கு உனக்கு அம்மாவாகிவிட்டது. பிறகு எப்படி அதைத் திருப்பி எடுப்பேன்?

உன் அம்மா உன்னை வயிற்றில் வைத்திருந்த காலத்தில் நடந்ததை எழுதுகிறேன். நான் வேலை முடிந்து படலையைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். “அண்ணை, கிணத்தடியில நில்லுங்கோ! அந்த மணத்தோட உள்ளுக்க வந்தீங்களெண்டா இண்டைக்குச் சமையலும் இல்லை, தங்கச்சியும் இல்லை!” தேசிக்காய்ச் சாறும் சாம்பலும் போட்டு முழங்கை வரை தேய்த்துவிட்டுத்தான் படியேற வேண்டும். அப்படியும் என் சாப்பாட்டுக் கோப்பையை யன்னலால்தான் நீட்டுவாள், மற்றக் கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு. அவள் சாப்பிட்டது சூடை மீன். வேறு மீன் வாங்க எங்களால் ஏலாத காலம். கரையில் சும்மா கொட்டிக் கிடக்கிற சூடையை நான் உடுத்திருந்த சாரத்தில் அள்ளிக்கொண்டு வருவேன். புளி விட்டு ஆக்கி, முள்ளும் தலையும் மிஞ்சாமல் சப்பித் தின்பாள். “பிள்ளை உள்ளுக்க இருந்து கேக்குது அண்ணை, இன்னும் ரெண்டு போடுங்கோ” என்பாள். சூடை தின்று பிறந்தவள் என்று உன்னைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் ஒரு நாளும் சொல்லவில்லை. அன்றைக்கு நஸ்ரின் மேசையில் அந்தச் சின்ன மீனின் பெயரைச் சொன்னபோது என் வாய் அடைத்ததும் அதனால்தான்.

ஆகவே உன் அம்மாவிடமிருந்து உனக்கு வந்தது ஒன்று இருக்கிறது, ஜெனி. டொக்டர் சரி என்றால், அங்கே கடையில் அப்படி ஒரு சின்ன மீன் கிடைத்தால், புளி விட்டு ஆக்கித் தின்னு. நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதே, நஸ்ரினைக் கேள். அவள் கதவடியில் போனோடு நிற்கிறாள், நான் எழுதி முடிக்கட்டும் என்று. அவளுக்கும் இது இன்னும் தெரியாது, படம் பிடிக்கும்போதுதான் படிப்பாள். டொக்டர், யார் இந்த எண்ணெயைத் தந்தது என்று கேட்டால் மறைக்காதே. மாமா தந்தார், மாமா பொய் சொன்னார் என்று சொல்லு. உன் பிள்ளையின் விரல்கள் பிரிந்தனவா என்று யாராவது பார்த்துச் சொல்லும்வரை நான் இங்கே இப்படியே இருப்பேன். அதற்குப் பிறகு நீ என்னோடு கதைக்காமல் விட்டாலும் எனக்குச் சம்மதம்.

உன் அம்மா அந்த எண்ணெயில் ஒரு துளிகூட வாயில் வைத்ததில்லை. அது நான் கட்டிய கதை.